குதிரைப் பணமும் கோபுர வேலையும்

கேள்வி: எங்கள் தெருக் கோயில் திருப்பணியை நான்தான் முன்னின்று நடத்துகிறேன். கண்மாய் மராமத்துக்கென்று ஊரார் வரி போட்டு வசூலித்த பணமும் என் பொறுப்பில் இருக்கிறது. மழைக்கு நாளிருக்கிறதே என்று அதைக் கோபுர வேலைக்கு எடுக்க நினைத்தேன். மனைவி தடுக்கிறாள். எங்கள் ஊர் மாணிக்கவாசகர், பாண்டிய மன்னனின் அமைச்சராக இருந்தபோது, குதிரை வாங்க அவன் கொடுத்த பணத்தில் கோயில் கட்டவில்லையா? ஆசை நல்லதாக இருந்தால் போதாதா?
– ஒரு வாசகர், திருவாதவூர்

பதில்: உங்கள் ஊர்க்காரரையே சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். ஆவணி மூலத்துக்கு அவரை மதுரைக்கு வழியனுப்புகிற ஊர் உங்களுடையது. கதையைப் பாதியில் நிறுத்தலாமா?

திருப்பெருந்துறையில் கோயிலுக்கு அந்தப் பொன் செலவான பிறகு என்ன நடந்தது? பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் ஒன்றையும் மறைக்கவில்லை. சிவன் குதிரைகளாக்கிக் கொண்டுவந்த நரிகள் ராத்திரியே மறுபடி நரிகளாகி, லாயத்தில் ஏற்கெனவே இருந்த குதிரைகளையும் கடித்துப் போட்டுவிட்டு ஓடின. பாண்டியனுக்குப் பணமும் போயிற்று, இருந்த குதிரையும் போயிற்று. மாணிக்கவாசகரை வைகை மணலில் சுடுவெயிலில் நிறுத்தினார்கள். அவரைக் காக்க ஆற்றில் வெள்ளம் வந்தது. கரையை அடைக்க வீட்டுக்கு ஒரு பங்கு. புட்டு விற்றுப் பிழைத்த வந்திக் கிழவிக்கும் பங்கு விழுந்தது. அவளுக்காக மண் சுமக்கக் கூலியாளாக வந்த சிவன் மேல் பட்ட அடி ஊரார் எல்லார் முதுகிலும் பட்டது. குதிரை பேரத்தில் அந்தக் கிழவிக்கு என்ன சம்பந்தம்? ஒருவரின் ஆசைக்கு யார் யாரெல்லாம் விலை கொடுத்தார்கள் என்று புராணமே கணக்கு எழுதி வைத்திருக்கிறது.

அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தனக்கென்று அவர் எதையும் ஒதுக்கிக்கொள்ளவில்லை. தண்டனைக்குத் தப்பி ஓடவுமில்லை. அரசன் சமாதானமான பிறகும் அமைச்சர் பதவி வேண்டாமென்று போய்விட்டார். அவர் ஆசை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரிவது அந்த இடத்தில்தான். கோயில் கட்டியதில் இல்லை.

உங்கள் விஷயத்தில் இரண்டு கேள்விகள். கும்பாபிஷேகக் கல்வெட்டில் உங்கள் பெயர் வராது என்றால் இதே வேகம் இருக்குமா? நல்ல காரியம்தானே, ஊரைக் கேட்காமல் எடுக்க ஏன் தோன்றியது? தவிர, அவருக்கு நரியைப் பரியாக்க ஆள் இருந்தது. உங்களுக்கு ஐப்பசி மழைதான்.

ஊர்க்கூட்டம் போடுங்கள். ஒப்புக்கொண்டால் மினிட் புத்தகத்தில் கையெழுத்து வாங்கி, பணத்தைத் திருப்பி வைக்கும் தேதியையும் எழுதுங்கள். மறுத்தால், மறுநாளே மடை வேலைக்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள். கூட்டத்துக்கு உங்கள் மனைவியும் வரட்டும்.