முகப்பட லென்சால் இழையைப் பிடித்தல்

1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு இணைந்தது; நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. பாறசாலை அதன் எல்லையூர். கைத்தறிக்குப் பெயர்போன பாலராமபுரமும் அத்தாலுகாவினதே. தமிழகத்திலிருந்து அங்குக் குடியேறிய சாலியர் மரபினர் நெய்த கசவு நேரியல்கள் அப்பகுதி மாணவர் வீடுகளில் இருக்கும். துணி நைந்தால் நெசவின் சான்றும் அழியும். இழை எண்ணத்தக்கவாறு அவற்றைப் படமெடுத்து வைத்தல் நம் கடமையன்றோ?

விலையுயர்ந்த அண்மைப்பட லென்ஸ் வேண்டுவதில்லை. பழைய 85 மி.மீ. முகப்பட லென்ஸ் போதும். ஆள் முகத்துக்கென அமைந்ததால் அது மிக அருகில் தெளியாது. லென்சைக் காமிராவிலிருந்து முன்னே தள்ளினால் தெளியும். அதற்காக இடையில் ஒரு வெற்றுக் குழலைப் பொருத்துவர். தள்ளிய நீளத்தைக் குவியத் தூரத்தால் வகுத்தால் உருவளவு கிடைக்கும். 42.5 மி.மீ. தள்ளினால் பாதியளவு, 36 மி.மீ. அகலச் சட்டத்தில் 72 மி.மீ. துணி அடங்கும்.

இரு குறைகள் உண்டு. ஒன்று, ஒளி குறையும், பாதியளவில் 2.25 மடங்கு நேரம் ஒளி விழ வேண்டும். மற்றொன்று, ஓரம் மங்கும். 1840-இல் வியன்னாவில் பெட்சுவால் கணித்தமைத்த புகழ்பெற்ற முகப்பட லென்சிலும் நடுக்கூர்மையும் ஓரமங்கலும் இருந்தன. முகத்துக்கு அது அழகு, துணிக்கோ பிழை. துளையை எஃப் 8-க்குச் சுருக்குக. குறை பெரிதும் தீரும்.

துணியைத் தட்டையாக விரித்து, காமிராவை அதற்கு இணையாக முக்காலியில் நிறுத்துக. பக்கவாட்டு வெயில் இழைகளை மேடுபள்ளமாகக் காட்டும். அருகில் ஓர் அளவுகோலை வைத்து இருபுறமும் எடுக்கவும்; ஒரு சென்டிமீட்டரில் எத்தனை இழை என்று படத்திலேயே எண்ணலாம். உங்கள் பாட்டியின் நேரியலிலிருந்தே தொடங்குங்கள். நெய்தவர் யாரென்று அவரிடம் கேட்டெழுதி வைக்கவும் மறவாதீர்கள்.