ஆல்பனித் துறைமுகத்துத் திமிங்கிலங்கள்

சிரஞ்சீவி மீனாட்சிக்கு,

பெரியப்பா எழுதுவது.

திமிங்கில வேட்டையைப் பற்றிப் பள்ளிக்கூடத்துக்காக நீ எழுதிய கட்டுரை வந்து சேர்ந்தது. நடை நன்றாயிருக்கிறது, ஆயினும், வேட்டைக்குப் போனவர்களையெல்லாம் 'கொடியவர்கள்' என்று ஒரே வார்த்தையில் நீ தள்ளிவிட்டதைக் கண்டபோது, மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்கரையிலுள்ள ஆல்பனி என்னும் துறைமுகப் பட்டணத்தின் சரித்திரத்தை உனக்குச் சொல்லவேண்டுமென்று தோன்றிற்று.

திமி என்னும் பெருமீனையும் விழுங்கவல்லது என்ற பொருளில் நம் முன்னோர் திமிங்கிலம் என்று பெயரிட்டார்கள். ஆங்கிலேய மாலுமிகளோ, மெதுவாக நீந்துவதும், குட்டி ஈனக் கரையோரம் வருவதும், கொன்றபின் அமிழாமல் மிதப்பதும், ஏராளமான எண்ணெய் தருவதுமாகிய ஓரினத்துக்கு, வேட்டைக்கு 'ஏற்ற திமிங்கிலம்' என்றே பெயர் வைத்தார்களாம். பிராணியின் சாதுத்தன்மையே அதன் ஆபத்தாக முடிந்ததற்கு இதைவிட வெளிப்படையான சாட்சியம் வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அவ்வினம் அக்கரையில் அருகிப்போக, 1935-இல்தான் சர்வதேசப் பாதுகாப்பு வந்தது.

ஆல்பனிக்கு அருகில் செயின்ஸ் பீச் கம்பெனியின் வேட்டை நிலையம் 1952-இல் தொடங்கிற்று. முதலில் கூன்முதுகுத் திமிங்கிலங்களைப் பிடித்தார்கள்; அவை அநேகமாகத் தீர்ந்து, 1963-இல் அவ்வேட்டைக்குத் தடை வரவே, ஆழ்கடலோரத்தில் திரியும் ஸ்பெர்ம் திமிங்கிலங்களை மட்டுமே துரத்தலாயினர். காலையில் சிறு விமானமொன்று மேலே பறந்து மூச்சுத் தாரையைத் தேடிச் சொல்லும். கப்பலின் முனையிலிருந்து வெடிகுண்டு பொருத்திய ஈட்டி பீரங்கியிலிருந்து பாயும். இறந்த உடலுக்குள் காற்றை நிரப்பி, கொடி நட்டு மிதக்கவிட்டு, மாலையில் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு கரை சேர்வார்கள். தளத்தில் கொழுப்பைச் சீவிக் கொதிகலன்களிலிட்டு எடுத்த எண்ணெய், நுட்பமான யந்திரங்களுக்கு உயவு எண்ணெயாயிற்று. எஞ்சியது கால்நடைத் தீவனமாயிற்று. இவ்வாறு மடிந்தவை, நிலையம் மும்முரமாக நடந்த ஆண்டுகளில், ஆண்டுக்கு ஆயிரத்தை ஒட்டியிருக்கும். சுமார் நூறு பேருக்கு அது ஜீவனோபாயம். வீட்டில் குழந்தைகளுக்குச் சோறு அதிலிருந்தே வந்தது.

1977-இல் கிளர்ச்சிக்காரர் வந்தார்கள். கிரீன்பீஸ் இயக்கத்து பாப் ஹண்டரும் மற்றும் சிலரும், கரையிலிருந்து வெகுதூரத்தில், ரப்பர்ப் படகுகளைத் திமிங்கிலத்துக்கும் பீரங்கிக்கும் நடுவே செலுத்தி நின்றார்கள். தைரியமான காரியந்தான், ஆனால் அவர்களே நிலையத்தை மூடினார்கள் என்று நீ எழுதினால் பாதியைத்தான் எழுதியவளாவாய். அமெரிக்கா ஏற்கெனவே அவ்வெண்ணெயின் இறக்குமதியைத் தடுத்துவிட்டது, சந்தை சுருங்கிற்று, எரிபொருள் விலையோ ஏறிற்று. பிரதமர் மால்கம் ஃபிரேஸர், ஸர் சிட்னி ஃபிராஸ்ட் தலைமையில் நியமித்த விசாரணை முடியுமுன்பே, 1978 நவம்பரில் கம்பெனி தானாகவே கதவைச் சாத்திவிட்டது. விசாரணையின் சிபாரிசை ஏற்று அரசாங்கம் வேட்டையைக் கைவிடும் கொள்கையை 1979-இல் அறிவித்தது. 1980-இல் பாதுகாப்புச் சட்டமும் பிறந்தது. மனச்சாட்சியும் கணக்குப் புத்தகமும் ஒருமுறையாவது ஒரே பக்கம் சாய்ந்தன என்று நான் கொள்கிறேன். இத்தகைய சந்தர்ப்பம் உலகில் அடிக்கடி வாய்ப்பதில்லை.

என்னை மிகவும் கவர்ந்த பகுதி வேறொன்று. திமிங்கிலம் எந்த மாதம் எவ்வழி வரும், எத்தனை ஆண்டுக்கொருமுறை ஈனும் என்ற அறிவில் பெரும்பங்கு, வேட்டை நிலையங்களின் தளங்களிலே கிழித்துப் பார்த்த உடல்களிலிருந்தே விஞ்ஞானிகளுக்குக் கிடைத்தது. அத்தகைய ஆராய்ச்சியில் தேர்ந்த ஜான் பானிஸ்டர் என்பவர், 'ஏற்ற' திமிங்கிலங்களை ஆண்டுதோறும் விமானத்திலிருந்து எண்ணும் வேலையை 1976-இல் தொடங்கினார். ஒவ்வொன்றின் தலையிலும் தடித்து வெளுத்த தோல் திட்டுகள், நம் கைரேகையைப்போல், ஒன்றுக்கொன்று மாறுபட்டிருப்பதால், புகைப்படத்தைக் கொண்டே இன்ன தாய் இன்ன வருஷம் குட்டியோடு மீண்டும் வந்தாள் என்று கண்டுகொள்ளலாம். கொல்வதற்காக வானிலிருந்து தேடியது போய், எண்ணுவதற்காகத் தேடுவதாயிற்று. தேடும் வித்தை என்னவோ ஒன்றுதான். 'ஏற்ற' திமிங்கில இனம் இன்னும் முழுமையாகத் தேறவில்லை. கூன்முதுகுகள் நன்றாகவே தேறி, 2022-இல் ஆஸ்திரேலியாவின் அபாயப் பட்டியலிலிருந்து நீங்கின.

வேட்டை நிலையத்தை ஆல்பனி ஊரார் இடித்துத் தள்ளவில்லை. பொருட்காட்சிசாலையாக்கி, கொழுப்புச் சீவிய தளத்தையும் செயின்ஸ் IV என்ற வேட்டைக் கப்பலையும் உள்ளபடியே நிறுத்திவைத்திருக்கிறார்கள். எண்ணெய் தேக்கிய தொட்டிகளில் இப்போது படம் காட்டுகிறார்கள். வெட்கத்தை மூடிப் புதைக்காமல் டிக்கெட் போட்டுக் காட்டும் அந்த ஊராரின் நேர்மையை நான் மெச்சுகிறேன்.

ஆகையால், அம்மா, கட்டுரையை வாத்தியாரிடம் கொடுக்குமுன் 'கொடியவர்கள்' என்பதை அடித்துவிட்டு, 'ஆல்பனியில் கூலிக்கு வேலை செய்தவர்கள்' என்று எழுது. மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
பெரியப்பா