மீண்டும் எழும் கணிப்பொறி

மின்சாரம் போய்த் திரும்பி வந்ததும் மின்விசிறி தானாகவே சுழலத் தொடங்குகிறது. எந்த வேகத்தில் சுழல வேண்டும் என்பதை அதன் ரெகுலேட்டர் குமிழ் காட்டி நிற்கிறது. அதற்கு வேறு நினைவு தேவையில்லை. கணிப்பொறி அப்படியன்று. அதன் தற்காலிக நினைவகமான 'ராம்', மின்சாரம் நின்றவுடன் தன்னிடமுள்ள அனைத்தையும் இழந்துவிடுகிறது. அப்படியானால், மின்சாரம் மீண்டதும் அது தன் வேலையை எவ்வாறு தொடங்குகிறது? விட்ட இடம் எது என்பது அதற்கு எப்படித் தெரியும்? இதனை இங்கே காண்போம்.

முதல் கட்டளை

கணிப்பொறி எதைச் செய்வதற்கும் கட்டளை வேண்டும். கட்டளைகளை நினைவகத்தில் ஏற்றுவதும் ஒரு வேலைதான். அந்த வேலைக்கான கட்டளையை யார் ஏற்றுவது? 1975இல் விற்பனைக்கு வந்த 'ஆல்டேர் 8800' என்ற சிறு கணிப்பொறியில் இதை மனிதரே செய்தனர். அதன் முகப்பிலிருந்த சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி, ஒரு சிறிய ஏற்றும் நிரலை ஒவ்வொரு கட்டளையாக உள்ளே செலுத்த வேண்டியிருந்தது. இயந்திரத்தை அணைத்துவிட்டால் மறுமுறையும் அதே வேலைதான்!

இன்று அந்த முதல் நிரல், மின்சாரம் நின்றாலும் அழியாத ஒரு நினைவகச் சில்லில் பதிக்கப்பட்டுள்ளது. அது இயக்க முறைமையை ஏற்றுகிறது. இயக்க முறைமை மற்ற நிரல்களை எழுப்புகிறது. ஒரு விளக்கிலிருந்து அடுத்த விளக்கை ஏற்றுவது போன்றது இது.

தொடக்க ஸ்கிரிப்ட்

தேர்வு முடிவுகளை வெளியிடும் ஓர் இணையதளத்தை எண்ணிக்கொள்ளுங்கள். அதனை இயக்கும் நிரல் எக்காரணத்தாலோ நின்று, மறுபடியும் தொடங்குகிறது. உடனே வாயிலைத் திறந்துவிட முடியாது. முதலில் அமைப்பு விவரங்களைப் படிக்க வேண்டும். அடுத்து, மதிப்பெண்கள் சேமிக்கப்பட்டுள்ள தரவுத்தளத்துடன் தொடர்பு கொள்ள வேண்டும். பின்னர், பாதியில் நின்ற வேலைகளைத் தேடி எடுக்க வேண்டும். இவை முடிந்த பிறகே மாணவரின் கேள்விகளை ஏற்க வேண்டும்.

இவ்வேலைகளை வரிசையாக எழுதி வைத்த கட்டளைத் தொகுப்பையே 'ஸ்கிரிப்ட்' என்பர். இதில் வரிசை முக்கியம். தரவுத்தளம் எழுவதற்கு முன் மதிப்பெண்ணைக் கேட்டால் பிழைச் செய்திதான் கிடைக்கும். லினக்ஸ் கணிப்பொறிகள் பலவற்றில், 2010இல் வெளிவந்த 'சிஸ்டம்டி' என்ற நிரல் இந்த மேற்பார்வையைச் செய்கிறது. எதற்குப் பின் எது தொடங்க வேண்டும், எது நின்றால் மீண்டும் எழுப்ப வேண்டும் என்பவற்றை அதற்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடலாம்.

இருமுறை நடந்தால்?

இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது. ஒரு கணக்கில் 500 ரூபாய் உள்ளது. அதில் 100 ரூபாய் வரவு வைக்கும் வேலை நடந்து முடிந்தது. ஆனால் 'முடிந்தது' என்று குறித்து வைப்பதற்குள் நிரல் நின்றுவிட்டது. மீண்டும் எழுந்த ஸ்கிரிப்ட், குறிப்பைக் காணாமல் இன்னொரு முறை 100ஐக் கூட்டுகிறது. கணக்கில் 700 ரூபாய்!

'100ஐக் கூட்டு' என்பதற்குப் பதிலாக, '600 என எழுது' என்று கட்டளை இருந்திருந்தால் பத்து முறை செய்தாலும் விடை 600தான். கணிதத்தில் மட்டு மதிப்பை நீங்கள் அறிவீர்கள். –7இன் மட்டு மதிப்பு 7. அந்த 7க்கு மறுபடியும் மட்டு மதிப்பு கண்டாலும் 7தான். மீண்டும் தொடங்கும்போது ஓடும் கட்டளைகள் இத்தகைய பண்பு உடையவையாக இருத்தல் நலம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெரிய இணையதளங்களில் ஒரே நிரலின் பல படிகள் ஒருசேர இயங்கும். நான்கு படிகள் எழுந்தால் தொடக்க ஸ்கிரிப்டும் நான்கு முறை ஓடக்கூடும். ஆகவே முதலில் வரும் படி ஒரு 'பூட்டை' எடுத்துக்கொள்ளும்; மற்றவை அதைக் கண்டு விலகிக்கொள்ளும்.

சந்திரனுக்கு மேலே ஒரு சோதனை

இம்முறை கைகொடுத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1969 ஜூலை 20 அன்று ஆம்ஸ்டிராங்கும் ஆல்டிரினும் 'ஈகிள்' கலத்தில் சந்திரனை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தனர். சுமார் 10 கி.மீ. உயரத்தில் இருந்தபோது கணிப்பொறி '1202' என்ற எச்சரிக்கை எண்ணைக் காட்டியது. தாய்க்கலத்துடன் மீண்டும் இணைவதற்கான ரேடாரின் மின்சுற்றிலிருந்து பயனற்ற துடிப்புகள் வந்து குவிந்தன. அவற்றை எண்ணுவதிலேயே கணிப்பொறியின் நேரத்தில் சுமார் 13 விழுக்காடு வீணாயிற்று. பழைய வேலை முடிவதற்குள் புதிய வேலைகள் சேர்ந்தன. வேலைகளுக்கென ஒதுக்கிய நினைவிடம் நிரம்பிவிட்டது. மாற்றி எழுதக்கூடிய நினைவகம் மொத்தமே 2,048 சொற்கள் அளவுதான்!

அப்போது நிரல் தன்னைத்தானே மீண்டும் தொடங்கிக்கொண்டது. முக்கியமான ஒவ்வொரு வேலையும் எதுவரை நடந்தது என்பது ஓர் அட்டவணையில் குறிக்கப்பட்டிருந்தது. அந்தக் குறிப்பு அழியவில்லை. ஒவ்வொரு குறிப்பும் ஓர் எண்ணாகவும், அதன் எதிர்மறை எண்ணாகவும் இருமுறை எழுதப்பட்டிருந்தது. இரண்டும் பொருந்தினால்தான் நிரல் அதை நம்பும். மதிப்புகளை மாற்றும்போதும், புதிய மதிப்பை முதலில் வேறிடத்தில் கணக்கிட்டு, அதைக் குறித்துக்கொண்டு, பிறகே உரிய இடத்தில் எழுதியது. ஆகவே எந்தக் கூட்டலும் இருமுறை நிகழவில்லை.

கலத்தைச் செலுத்தும் வேலைகள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன. அத்தனை அவசியமற்றவை கைவிடப்பட்டன. ஹூஸ்டனில் இருந்த ஸ்டீவ் பேல்ஸ், ஜாக் கார்மனின் ஆலோசனையைக் கேட்டு, இறங்குவதைத் தொடரலாம் என்று முடிவு சொன்னார். 1202 நான்கு முறையும் 1201 ஒரு முறையும் தோன்றின. ஆயினும் கலம் பத்திரமாகத் தரையிறங்கியது.

மருந்து அன்று

மீண்டும் தொடங்குவது நோய்க்கு மருந்து அன்று என்பதையும் மறவாதீர்கள். காரணம் நீங்காதபோது, நிரல் எழுவதும் விழுவதுமாகவே இருக்கும். அதனால்தான் மேற்பார்வை நிரல்கள் பலவும் முதலில் 1 விநாடி, அடுத்து 2, பின் 4, பின் 8 என்று இடைவெளியைப் பெருக்கிக்கொண்டே முயல்கின்றன. சில முயற்சிகளுக்குப் பின் நிறுத்திவிட்டு மனிதரை அழைக்கின்றன.

சிந்தித்து விடை கூறுங்கள்

பின்வருவனவற்றுள் எவற்றை இருமுறை செய்தாலும் தீங்கில்லை?

1. எல்லா மதிப்பெண்களுடனும் 5ஐக் கூட்டு.
2. பெயர்களை அகர வரிசைப்படுத்து.
3. ஒவ்வொரு மாணவருக்கும் முடிவை அஞ்சலில் அனுப்பு.
4. பழைய கோப்பு இருந்தால் அழித்துவிடு.

(விடை: 2, 4. மற்ற இரண்டிற்கும் 'செய்து முடித்தேன்' என்ற குறிப்பு தேவை. அக்குறிப்பை வேலைக்கு முன் எழுதுவதா, பின் எழுதுவதா? இரண்டிலும் என்ன நேரும் என்று நண்பர்களுடன் விவாதித்துப் பாருங்கள்.)