கபிலத் தத்தியும் கிருமிநாசினியும்

வன்னிக் கமக்காரர்களே! காலபோக நெல்லிற் கபிலத் தத்தியைக் கண்டதும் கிருமிநாசினி விசிற விரையாதீர்கள்; முதலிற் பயிரை விலக்கி அடித்தண்டைப் பாருங்கள். தத்தி நீர்மட்டத்தையொட்டியிருந்து சாறுறிஞ்சும். முட்டையை இலைமடலுக்குள் இடும். மேலால் விசிறிய மருந்து அங்கே சேராது, தத்தியைத் தின்னும் சிலந்திகளையே கொல்லும். பின்னர் பொரிக்கும் குஞ்சுகளுக்குப் பகையேது? வயல் வட்டம் வட்டமாக எரியும். பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் இவ்வுண்மை நிறுவப்பட்டது. இந்தோனேசிய அரசு 1986இல் 57 வகை மருந்துகளை நெல்லுக்குத் தடைசெய்தது.

சிலந்திகள் மிகுந்திருப்பின் பொறுத்திருங்கள். தத்தி பெருகினால் யூரியாவை நிறுத்தி, நீரை வடித்து, மூன்று நான்கு நாள் வயலை உலரவிடுங்கள். அதற்கும் அடங்காவிடில் விவசாயப் போதனாசிரியரைக் கேட்டு, அடித்தண்டிற் படுமாறு விசிறுங்கள். மருந்து விசிறிய வயல்நீரை வாய்க்காலில் விடாதீர்கள்; கீழேயுள்ள குளத்தில் மீனுமுண்டு.