பத்து ரூபாயும் ஒரு பழைய புடவையும்

ரங்கத் பஜாரில் காலையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். தமிழ் கேட்கும். வங்காளம் கேட்கும். மலையாளமும் இந்தியும் கேட்கும். பிழைக்க வந்தவர்களும் குடியேறியவர்களும் சேர்ந்து வாழும் ஊர் இது. ஒருவரை ஒருவர் நம்பித்தான் இங்கே வாழ்க்கை ஓடுகிறது.

அந்த நம்பிக்கையைப் பற்றியதுதான் இந்தப் பாடம்.

ஒரு வீட்டில் நடந்த பேச்சு

ரங்கத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்குக் கூலி வேலை. வீட்டில் கடன் இருக்கிறது. மூத்த மகளுக்கு வயது 13. எட்டாம் வகுப்பு படிக்கிறாள். மெயின்லேண்டிலிருந்து சொந்தக்காரர் ஒருவர் வந்திருக்கிறார். அவளுக்கு அவர் மாமா முறை.

"அக்கா, புள்ளய என்கூட அனுப்பி வையி. மெட்ராசுல நல்ல குடும்பம். சும்மா கூடமாட ஒத்தாசைக்குத்தான். படிக்கவும் வைப்பாங்க."

"சின்னப் புள்ளயாச்சே தம்பி. தனியா எப்படி இருப்பா?"

"தனியாவா? நான் இல்லையா? இந்தா, கடனுக்கு இத வச்சுக்க. மிச்சத்தை அப்புறம் தர்றேன்."

அம்மா பணத்தைப் பார்க்கிறாள். அப்பா தரையைப் பார்க்கிறார். மகள் கதவோரம் நிற்கிறாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

இந்த மாமா நல்லவரா, கெட்டவரா? நமக்குத் தெரியாது. அந்த அம்மாவுக்கும் தெரியாது. ஆனால் ஒன்று மட்டும் நடந்துவிட்டது. பிள்ளையைக் காட்டிப் பணம் கை மாறிவிட்டது.

இதே போன்ற ஒரு கை மாறுதல் நூறு ஆண்டுகளுக்கும் முன்னால் தஞ்சைச் சீமையில் நடந்தது. அந்தக் குழந்தை வளர்ந்து ஒரு நாவல் எழுதினார். அவர் கதையைப் படிப்போம்.

மூவலூர் அம்மையார்

அவர் பெயர் இராமாமிர்தம். பிறந்த ஆண்டு 1883. வளர்ந்த ஊர் மூவலூர். அது மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

வீட்டில் வறுமை. தந்தை குடும்பத்தைக் காப்பாற்ற முடியாமல் ஊரை விட்டுப் போய்விட்டார். சிறு குழந்தையாக இருந்த இராமாமிர்தத்தைத் தாய் ஒரு தாசியிடம் ஒப்படைத்தார். அதற்குக் கிடைத்த விலை பத்து ரூபாயும் ஒரு பழைய புடவையும் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது.

அந்தக் காலத்தில் சில குடும்பங்களில் பெண் குழந்தைகளுக்குக் கோயிலில் பொட்டுக் கட்டும் வழக்கம் இருந்தது. பொட்டுக் கட்டினால் அவள் கடவுளுக்கு மனைவி என்பார்கள். பிறகு அவள் வேறு யாரையும் மணக்க முடியாது. பாட்டும் ஆட்டமும் கற்றாள். ஆனால் பணக்காரர்களும் மிராசுதாரர்களும் அவளைத் தங்கள் ஆசைக்குப் பயன்படுத்தினார்கள். அவள் கொண்டு வரும் பணத்தில் வீடு நடந்தது. அதனால் வீட்டுப் பெரியவர்களே இதைச் செய்தார்கள். "நம் குல வழக்கம்" என்று சொன்னார்கள். குழந்தையிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

இராமாமிர்தம் இளம்பெண் ஆனார். வயது முதிர்ந்த ஒருவருக்கு அவரைக் கொடுக்க ஏற்பாடு நடந்தது. அவர் மறுத்தார். தமக்கு இசை கற்றுத் தந்த ஆசிரியர் சுயம்பு பிள்ளையை மணந்துகொண்டார். தம் வாழ்க்கையைத் தாமே தீர்மானித்தார்.

தாம் தப்பித்தது போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. வீடு வீடாகப் போனார். பொட்டுக் கட்டாதீர்கள் என்று தாய்மாரிடம் பேசினார். முதலில் காங்கிரசில் இருந்தார். பிறகு சுயமரியாதை இயக்கத்தில் சேர்ந்தார். 1938ஆம் ஆண்டு இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்கு ஒரு நடைப்பயணம் நடந்தது. அதில் அவரும் நடந்தார். அப்போது அவருக்கு வயது 55.

அவர் எழுதிய நாவல்

1936ஆம் ஆண்டு அவருடைய நாவல் வெளிவந்தது. அதன் பெயர் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்'.

அந்த நாவலில் ஒரு தாய் வருகிறாள். தன் மகள்களுக்கு அவளே தொழில் கற்றுக் கொடுக்கிறாள். யாரிடம் எப்படிச் சிரிப்பது, யாரிடம் எவ்வளவு கறப்பது என்பதெல்லாம் அங்கே பாடம். பணக்கார மைனர் ஒருவன் அந்த வலையில் விழுகிறான். சொத்து கரைகிறது. அவன் மனைவி வீட்டில் தவிக்கிறாள். கடைசியில் அவனுக்கு மதி வருகிறது. இன்னொரு பக்கம், அதே குலத்தில் பிறந்த பெண்கள் சிலர் இந்த வாழ்க்கை வேண்டாம் என்று வெளியே வருகிறார்கள். மற்றவர்களையும் திரட்டுகிறார்கள்.

தலைப்பை மட்டும் படித்தால், பெண்கள்தான் வலை விரித்தார்கள் என்று தோன்றும். கொஞ்சம் யோசியுங்கள். வலை விரிக்கும் அந்தத் தாயும் ஒரு காலத்தில் சிறுமிதானே? அவளை இந்தத் தொழிலில் விட்டவர்கள் யார்? வலைக்குள் பிறந்தவள் வலை பின்னக் கற்றுக்கொள்கிறாள். பிறகு தன் மகளையே அதில் மாட்டுகிறாள். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை யாராவது அறுக்க வேண்டும். இராமாமிர்தம் அறுத்தார். தாம் கண்டதையும் பட்டதையும் மறைக்காமல் எழுதினார்.

வீட்டு விஷயத்தை வெளியே சொல்லலாமா என்று நாம் தயங்குவோம். அந்தத் தயக்கம்தான் இப்படிப்பட்ட குற்றத்துக்குப் பூட்டு. அவர் எழுதியது அந்தப் பூட்டுக்குச் சாவி.

சட்டம் வந்தது

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்ட சபையில் இதற்காகப் போராடினார். சட்ட சபைக்குள்ளும் வெளியேயும் எதிர்ப்பு இருந்தது. தேவதாசிப் பெண்களிலும் சிலர் எதிர்த்தார்கள். அவர்கள் கேட்ட ஒரு கேள்வி, எங்கள் பிழைப்புக்கு வழி என்ன என்பது. அது ஞாயமான கேள்விதான். ஒருத்தியை மீட்டால் மட்டும் போதாது. அவள் சொந்தக் காலில் நிற்க வழியும் வேண்டும்.

1947ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. இராமாமிர்தம் அம்மையார் அதைக் கண்ணால் கண்டார். 1962இல் காலமானார்.

1989இல் தமிழ்நாடு அரசு ஏழைப் பெண்களின் திருமண உதவித் திட்டத்துக்கு அவர் பெயரை வைத்தது. 2022இல் அது உயர்கல்வித் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் அது. பத்து ரூபாய்க்குக் கை மாறிய குழந்தையின் பெயரில் இன்று பெண்கள் கல்லூரிக்குப் போகிறார்கள்.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது?

பொட்டுக் கட்டுவதைச் சட்டம் தடுத்துவிட்டது. ஆனால் ஆள் கடத்தல் வேறு வேடங்களில் வருகிறது. வீட்டு வேலை என்று வரும். கல்யாணம் என்று வரும். படிக்க வைக்கிறேன் என்றும் வரும். கூட்டிப் போகிறவர் பெரும்பாலும் தெரிந்தவராகவே இருப்பார்.

கடத்தல் என்றால் கையைக் கட்டித் தூக்கிப் போவது மட்டும் இல்லை. ஏமாற்றியோ, மிரட்டியோ, பணம் கொடுத்து ஆசை காட்டியோ ஒருவரைச் சுரண்டுவதற்காகக் கூட்டிப் போனாலும் அனுப்பினாலும் அது கடத்தல்தான். இதைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு சொல்கிறது. இந்தச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

பாதிக்கப்பட்டவர் சம்மதித்தார் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 18 வயது நிறையாத பிள்ளையைக் கடத்தினால் குறைந்தது 10 ஆண்டு சிறை. ஆயுள் தண்டனையும் கிடைக்கலாம். மாமா, சித்தி, பெற்றோர் என்று யாருக்கும் இதில் விலக்கு இல்லை. 14 வயது நிறையாத பிள்ளையை அடுத்த வீட்டில் வேலைக்கு வைப்பதும் குற்றம்.

நாம் என்ன செய்யலாம்?

தீவில் இருக்கும் நமக்கு ஒரு கஷ்டம் கூடுதல். ரங்கத்திலிருந்து ஸ்ரீ விஜயபுரம், அதாவது பழைய போர்ட் பிளேர், போகவே காடும் கடல்கழியும் தாண்ட வேண்டும். அங்கிருந்து சென்னைக்குக் கப்பலில் ஏறினால் மூன்று நாள் ஆகும். கப்பல் ஏறிய பிள்ளையை மறுநாள் போய்ப் பார்த்துவிட்டு வர முடியாது. ஆகவே அனுப்பும் முன்பே கேட்க வேண்டும்.

எந்த வீடு? முழு முகவரி என்ன? எந்தப் பள்ளி? பிள்ளை எங்களோடு தினமும் பேசலாமா? முன்பணம் எதற்கு? இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படுகிறவரோடு பிள்ளையை அனுப்பக் கூடாது. ஒழுங்கான பதில் வந்தாலும் நாமே விசாரிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பிள்ளையைக் கேட்க வேண்டும். "உனக்குப் போக இஷ்டமா? யாரைக் கண்டாலாவது பயமா இருக்கா?" என்று தனியாக உட்கார வைத்துக் கேட்க வேண்டும். அவள் சொல்வதை நம்ப வேண்டும்.

சந்தேகம் வந்தால் 1098 என்ற எண்ணுக்குப் பேசலாம். இது குழந்தைகளுக்கான உதவி எண். அவசரத்துக்கு 112. இலவசச் சட்ட உதவிக்கு 15100.

இன்னொன்று. போன பிள்ளை திரும்பி வந்தால், "ஊர் என்ன பேசும்?" என்று கேட்காதீர்கள். "சாப்பிட்டியாம்மா?" என்று கேளுங்கள். குற்றம் செய்தவர்தான் தலை குனிய வேண்டும். அவள் குனிய வேண்டியதில்லை. மறுபடி அவளைப் பள்ளியில் சேருங்கள்.

கதவோரம் நின்ற அந்த 13 வயதுப் பெண்ணுக்கு வருவோம். அம்மா இப்போது என்ன சொல்லலாம்?

"தம்பி, பணத்த எடுத்துக்க. கடன நாங்க மெதுவா அடைச்சுக்கறோம். புள்ள இங்கேயே படிக்கட்டும்."

புதிய சொற்கள்

பொட்டுக் கட்டுதல் – பெண்ணைக் கோயிலுக்குத் தாசியாக நேர்ந்து விடுதல்
சுரண்டுதல் – ஒருவர் உழைப்பையோ உடலையோ அநியாயமாகப் பயன்படுத்துதல்
சம்மதம் – ஒப்புதல்
கண்ணி – சங்கிலியின் ஒரு வளையம்

கூடிப் பேசுவோம்

1. இராமாமிர்தத்தின் தாய் செய்தது தவறு. அந்தத் தாயை அந்த நிலைக்குத் தள்ளியது எது?
2. "நம்ம சொந்தக்காரர்தானே" என்று சொல்லி நாம் கேட்காமல் விடும் கேள்விகள் எவை?
3. நம் தெருவில் படிப்பை நிறுத்திய பெண்பிள்ளைகள் இருக்கிறார்களா? ஏன் நிறுத்தினார்கள்?

எழுதிப் பழகுவோம்

1098 என்ற எண்ணைப் பெரிதாக ஒரு தாளில் எழுதுங்கள். அதன் கீழே "பிள்ளைகளுக்கான உதவி எண்" என்று எழுதுங்கள். வீட்டில் பிள்ளைகளின் கண்ணில் படும் உயரத்தில் ஒட்டி வையுங்கள்.