அந்தமானுக்கு மாற்றல் ஆணை வந்தால்

"ஒழுங்கா இரு, இல்லேன்னா அந்தமானுக்குத் தூக்கி அடிச்சிடுவேன்" என்ற மிரட்டலை அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த எவரும் கேட்டிருப்பார்கள். அதனால்தான் நிஜமாகவே அங்கே மாற்றல் ஆணை வந்ததும் வீடே துக்க வீடாகிவிடுகிறது. யாரைப் பிடித்தால் ரத்தாகும் என்று ஆள் தேடுகிறார்கள். 1858 மார்ச்சில் முதல் 200 கைதிகளை வெள்ளைக்காரர்கள் அங்கே இறக்கியதிலிருந்து, அந்தத் தீவுகளைத் தண்டனை இடமாகப் பார்க்கும் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை.

அங்கே வேலைக்குப் போகிறவர் முதலில் கைவிட வேண்டியது இந்த நினைப்பைத்தான். 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 3.8 இலட்சம் பேருக்கு அது சொந்த ஊர். "நான் இங்கே தண்டனைக்கு வந்தவன்" என்ற முகத்தோடு நாற்காலியில் உட்காரும் ஆசிரியரையும் மருத்துவரையும் வங்கி அதிகாரியையும் அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துவிட்டார்கள். அப்படி ஒருவர் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் இரண்டு மூன்று வருடமும் ஒரு பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பாகவோ, ஒரு கிழவிக்கு மருத்துவம் கிடைக்காத காலமாகவோ ஆகிவிடுகிறது.

ஆணையை முழுசாகப் படியுங்கள்

"அந்தமான்" என்ற ஒரு சொல்லைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். எந்தத் தீவு என்பதுதான் கேள்வி. போர்ட் பிளேர் (2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள்) ஒரு நடுத்தர நகரம். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். பெரிய மருத்துவமனை, கேந்திரிய வித்யாலயா, அபர்தீன் பஜாரில் நம்மூர்ச் சாமான்கள் எல்லாம் உண்டு. திக்லிபூர் என்று போட்டிருந்தால், போர்ட் பிளேரிலிருந்து வடக்கே சாலையில் 300 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். வழியில் பேருந்தையே படகில் ஏற்றிக் கடக்கும் இடமும் உண்டு. கேம்ப்பெல் பே என்றால் போர்ட் பிளேருக்குத் தெற்கே ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அது கிரேட் நிகோபார் தீவு, கடல்வழியே நாள் கணக்கான பயணம்.

பணமும் தீவைப் பொறுத்து மாறும். மத்திய அரசு ஊழியருக்கான தீவுச் சிறப்புப் பணிப்படி, ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின், அடிப்படைச் சம்பளத்தில் போர்ட் பிளேருக்கு 10 விழுக்காடு, அந்தமானின் மற்ற பகுதிகளுக்கு 16, லிட்டில் அந்தமானுக்கும் நிகோபாருக்கும் 20. குடும்பத்தைப் பழைய ஊரிலேயே விட்டுப் போனால் அங்குள்ள அரசுக் குடியிருப்பையோ வீட்டு வாடகைப்படியையோ தக்கவைக்க வழி இருக்கிறது. புறப்படும் முன்பே எழுதிக் கேளுங்கள், போய்ச் சேர்ந்த பிறகு காகிதம் நகராது. பத்து வருடத்துக்குக் குறைந்த பணிக்காலம் உள்ளவருக்கு மூன்று வருடம், அதற்கு மேற்பட்டவருக்கு இரண்டு வருடம் என்பது பொதுவான கணக்கு. ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் எடுக்கும் விடுப்பு இந்தக் கணக்கில் சேராது. உங்கள் துறையின் ஆணையில் இதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தனியார் வேலை என்றால் பெரும்பாலும் சுற்றுலாத் தொழில்தான்: ஸ்வராஜ் தீவு என்று 2018-இல் பெயர் மாறிய ஹேவ்லாக்கின் விடுதிகள், முக்குளிப்புப் பயிற்சி நிலையங்கள், சமையல்கட்டுகள். இதில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. மே முதல் செப்டம்பர் வரை மழையில் கூட்டம் குறையும்போது சம்பளம் உண்டா, இல்லையா? அதை எழுத்தில் வாங்காமல் கப்பல் ஏறாதீர்கள். தீவு நிர்வாகத்தின் கீழ்நிலை வேலைகளை நம்பி வெளியூர்க்காரர் கிளம்புவது வீண். அவற்றுக்கு உள்ளூர்ப் பிள்ளைகளே காத்திருக்கிறார்கள், அதுதான் நியாயமும்.

கடலின் நேரம்

சென்னையிலிருந்து கப்பலில் சுமார் மூன்று நாள் ஆகும். சாமான்களைக் கப்பலில் போட்டுவிட்டு நீங்கள் விமானத்தில் போவது நல்லது. தீவுகளுக்கிடையே ஓடும் கப்பல்களின் அட்டவணை 'டெய்லி டெலிகிராம்ஸ்' என்ற அரசு நாளிதழில் வரும். அங்கே மக்கள் முதலில் பார்க்கும் செய்தி அதுதான். கடல் சரியில்லை என்றால் கப்பல் நிற்கும், ஹெலிகாப்டர் இருக்கை நோயாளிக்குப் போகும். ஆகவே தங்கையின் கல்யாணத்துக்கு முந்தின நாள் ஊர் சேர்வதுபோல விடுப்பு எழுதாதீர்கள். நிகோபாரில் இருப்பவர்கள் இரு பக்கமும் சில நாள் கூடுதலாக வைத்தே திட்டமிடுவார்கள்.

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடி இணையக் கேபிள் வந்தபின் தொலைத்தொடர்பு வெகுவாக மாறிவிட்டது. கோடையில் போர்ட் பிளேரிலேயே குழாய்த் தண்ணீர் நாள்விட்டு நாள்தான் வரும். வாடகைக்கு வீடு பார்க்கும்போது முதலில் தொட்டியைப் பாருங்கள். தீவுகள் முழுவதும் நில அதிர்வு அபாயம் மிக உயர்ந்த மண்டலம். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலா என்று சோதிக்கச் சொல்லுங்கள், நிகோபார் என்றால் மலேரியாவும். முதலை எச்சரிக்கைப் பலகை உள்ள கரையில் கால் நனைக்கக்கூட வேண்டாம்.

மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் யார்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் அங்கே எந்த வேலையையும் சரியாகச் செய்ய முடியாது. பணியேற்புக்கு முந்தைய பயிற்சியில் யாரும் சொல்லித் தருவதும் இல்லை.

அந்தமானை நாம் 'சிறைச்சாலை' படத்தின் வழியாகத்தான் அறிந்திருக்கிறோம்: செல்லுலார் சிறை, செக்கிழுப்பு, விடுதலை வீரர்கள். அந்தச் சிறை 1896-இல் கட்டத் தொடங்கி 1906-இல் முடிந்தது. கைதிக் குடியேற்றமோ அதற்கு நாற்பது வருடம் முந்தியது. வந்தவர்களில் 1857 கிளர்ச்சிக்காரர்கள் இருந்தார்கள். கொலைக்கும் கொள்ளைக்கும் தண்டனை பெற்றவர்கள் ஏராளம். குறிப்பிட்ட காலம் கழித்தவர்களுக்கு நிலம் கொடுத்து, பெண் கைதிகளை மணக்கவும் அனுமதித்தார்கள். அந்தக் குடும்பங்களின் வழிவந்தவர்கள் தங்களை 'லோக்கல் பார்ன்' என்பார்கள். 1942-க்கு முன்பே குடியேறியவர்களைக் குறிக்க 'ப்ரீ-ஃபார்ட்டி டூ' என்ற சொல்லும் அலுவலகக் காகிதங்களில் வரும். சாதி, மதம், மொழி கலந்த வீடுகள் அவை. "உங்க தாத்தா என்ன குற்றம் பண்ணினார்?" என்று வேடிக்கையாகக் கேட்டுவிடாதீர்கள். "நீங்க என்ன ஆளுங்க?" என்ற நம்மூர்க் கேள்வியையும் மூட்டை கட்டி வைத்துவிட்டுப் போங்கள்.

1921 மலபார் கலவரத்துக்குப் பின் அனுப்பப்பட்ட மாப்பிளாக்கள், மாயாபந்தர் பக்கம் 1925-இல் பர்மாவிலிருந்து குடியேறிய கரென்கள், காடு வெட்ட வந்த ராஞ்சித் தொழிலாளர்கள், 1949 முதல் நிலம் தந்து குடியேற்றப்பட்ட கிழக்கு வங்க அகதிகள் எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். இலங்கை மலையகத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தமிழர்களில் ஒரு பகுதியினரை நிகோபாரின் கட்சல் தீவில் ரப்பர்த் தோட்டத்தில் குடிவைத்தார்கள். தேயிலைக் கொழுந்து கிள்ளிய தலைமுறை அங்கே போய் ரப்பர் பால் வெட்டியது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் மிக மோசமாக அடிபட்ட தீவுகளில் கட்சலும் ஒன்று. அந்தக் குடும்பத்தவர் ஒருவர் உங்களிடம் சான்றிதழ் கேட்டு வந்து, "பழைய காகிதம் எங்கே?" என்று நீங்கள் கேட்டால், இரண்டு கடல்களில் போனது என்பதுதான் அவர் பதில். விதிக்குள் என்ன மாற்று ஆவணம் ஏற்கலாம் என்று முன்கூட்டியே தேடி வைத்திருக்கும் எழுத்தர் அங்கே பெரிய மனிதர்.

ஜப்பானியர் ஆட்சியைப் பற்றிப் பேசும்போது இன்னும் கவனம் வேண்டும். 1942 மார்ச்சிலிருந்து 1945 வரை தீவு அவர்கள் கையில் இருந்தது. 1943 டிசம்பர் இறுதியில் நேதாஜி வந்து கொடியேற்றினார். அதை நாம் பெருமையோடு படித்திருக்கிறோம். அடுத்த மாதமே மருத்துவர் திவான் சிங் ஜப்பானியர் காவலில் சித்திரவதைப்பட்டு இறந்தார். ஜனவரி 30 அன்று ஹோம்ஃப்ரேகஞ்சில் 44 பேரை, உளவாளிகள் என்று சொல்லிச் சுட்டுக் கொன்றார்கள். உள்ளூர்க்காரர் வீட்டில் இந்த இரண்டு நினைவும் ஒன்றாக இருக்கும். குடியரசு தின விழாவில் உங்களைப் பேசச் சொன்னால், முதலாவதை மட்டும் முழங்கிவிட்டு இறங்காதீர்கள்.

ஜி.பி. பந்த் மருத்துவமனையில் பணியேற்கும் செவிலியர்களுக்கு ஒரு செய்தி. அது நிற்பதே செல்லுலார் சிறையின் வளாகத்தில். ஏழு சிறகுகளாக இருந்த சிறையில் இன்று எஞ்சியவை மூன்று. இரவுப் பணி முடிந்து வெளியே வந்தால் எதிரே அந்தச் சுவர். பக்கத்திலேயே இருக்கிறதே என்று தள்ளிப் போடாமல், சேர்ந்த முதல் வாரத்திலேயே உள்ளே போய்ப் பார்த்துவிடுங்கள்.

தொல்குடிகளும் உங்கள் வேலையும்

கைதிகள் வந்து இறங்கியபோது கிரேட் அந்தமானியர் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 1859-இல் அபர்தீனில் வெள்ளையரை எதிர்த்து அம்போடு நின்றார்கள். பிறகு 1877-இல் தட்டம்மை வந்தது, மேகநோய் வந்தது. 1961 கணக்கெடுப்பில் மிஞ்சியவர்கள் 19 பேர். இன்று சுமார் ஐம்பது பேர். அவர்களை அழித்ததில் துப்பாக்கியைவிட, வெளியிலிருந்து வந்தவர்களின் நோய்தான் பெரிய பங்கு வகித்தது.

எனவே 1956-ஆம் ஆண்டின் தொல்குடிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறையை வேலைக்குப் போகிறவர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். ஜராவா என்ற தொல்குடியினரின் காப்புக்காட்டின் ஊடாகச் செல்லும் சாலையில் ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து வண்டிகள் வரிசையாகத்தான் விடப்படும். நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, தின்பண்டம் கொடுக்கக் கூடாது. சாலையோரம் ஜராவாப் பெண்களை ஆடச் சொல்லி எடுத்த காணொளி 2012-இல் உலகெங்கும் நம்மைத் தலைகுனிய வைத்தது. உங்களுக்குச் சோதனை எப்படி வரும் என்றால், விடுமுறைக்கு வரும் மைத்துனர் வழியாக வரும்: "மாப்ள, உங்க டிபார்ட்மென்ட் வண்டிதானே, ஜராவாவைக் காட்டேன்." முடியாது என்று சொல்லிவிடுங்கள், உறவு கசந்தாலும் பரவாயில்லை. அவர்கள் காட்சிப் பொருள் அல்ல. காய்ச்சல் சளியோடு அந்தப் பகுதிக்குப் பணியாகவும் போகாதீர்கள். மேலதிகாரியிடம் சொல்லி ஆளை மாற்றுங்கள்.

நிகோபாருக்கு இந்தியக் குடிமகனும் பழங்குடிப் பகுதி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பணி ஆணை இருந்தாலும், உடன் வரும் குடும்பத்துக்கும் தனியாக எழுதுங்கள். அங்கே நிலம் நிகோபாரிகளுடையது. ஒவ்வொரு ஊருக்கும் 'கேப்டன்' என்ற தலைவர் உண்டு, அதற்கு மேல் பழங்குடி மன்றம். கிணறு தோண்டுவதானாலும் முகாம் போடுவதானாலும் முதலில் கேப்டனைப் பார்த்துக் கேளுங்கள். திட்டத்தைக் கையில் முடித்து வைத்துக்கொண்டு கையெழுத்துக்கு மட்டும் போகாதீர்கள். சுனாமிக்குப் பிறகு நல்லெண்ணத்தோடு வந்தவர்கள் செய்த தவறு அதுதான். 'துஹெட்' என்ற பெரிய கூட்டுக் குடும்பமாக வாழ்ந்தவர்களுக்கு நிவாரணத்தைத் தனித்தனிக் குடும்பக் கணக்கில் போட்டார்கள். பணம் வந்தது, துஹெட் ஆட்டம் கண்டது.

மாலை நேரமும் மொழியும்

தீவில் ஐந்து மணிக்கு விடிந்துவிடும், மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். குடும்பத்தை விட்டு வந்தவரை அந்த நீண்ட இரவுதான் உடைக்கும். அலுவலக நண்பர்களோடு தொடங்கும் குடி தினப்படியாவது இங்கேதான். முதல் மாதத்திலேயே மாலைக்கு ஒரு வேலையை வைத்துக்கொள்ளுங்கள்: கைப்பந்து, பிள்ளைகளுக்குப் பாடம், தேர்வுக்குப் படிப்பு, எதுவாயினும் சரி.

பேச்சுமொழி இந்தி. தட்டுத்தடுமாறியாவது பேசியே ஆக வேண்டும். இலக்கணத்தை யாரும் பார்ப்பதில்லை, பாதிப் பேருக்கு அது வீட்டுமொழியும் அல்ல. தமிழ் பேசுவோர் 2011-இல் ஏறத்தாழ 15 விழுக்காடு. தமிழ்வழி அரசுப் பள்ளிகள் உண்டு, போர்ட் பிளேரில் வெற்றிமலை முருகன் கோயிலில் பங்குனி உத்திரம் ஊர்த் திருவிழா. இந்தச் சௌகரியத்துக்குள்ளேயே அடைந்துகொள்ளாதீர்கள். நம் ஆட்கள் வீட்டிலேயே மூன்று வருடமும் இட்லி சாப்பிட்டுத் திரும்பியவருக்கு அந்தமானைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருக்காது. அவரைப் பற்றிச் சொல்லவும் அங்கே ஒன்றும் இருக்காது.

கிளம்பும் நாள் நெருங்கும்போது, உங்களுக்குப் பின் வருபவருக்கு நாலு பக்கம் எழுதி வையுங்கள். எந்தக் கேப்டன் எந்தக் கிராமம், எந்த மாதம் மருந்துக் கப்பல் தாமதிக்கும், எந்தக் கோப்பு யாரிடம் நிற்கிறது, எந்தப் பிள்ளைக்கு உதவித்தொகை நின்றுபோயிருக்கிறது, எல்லாவற்றையும். முடிந்தால் அவர் வந்து இறங்கும்வரை விடுவிப்பைத் தள்ளிப் போடச் சொல்லி நீங்களே கேளுங்கள். கமோர்ட்டா போன்ற தீவில் கணக்கு ஆசிரியர் ஒருவர் போய் இன்னொருவர் வருவதற்குள் அரையாண்டுத் தேர்வு முடிந்துவிடும்.