ஔவையாருக்குப் பின் ஒரு மீனாட்சி அம்மாள்

கேள்வி: சங்க இலக்கியம் பெண்ணைச் சமமாக மதித்தது என்கிறார்கள். கொழுந்து பறிக்கும், பால் வெட்டும் எங்களுக்கு அதனால் என்ன?
– வாசகி, எட்டியாந்தோட்டை

பதில்: அது பாதி உண்மைதான், சகோதரி. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர் ஔவையார். தன் ஏக்கத்தை ஒளிக்காமல் பாடியவர் வெள்ளிவீதியார். ஆனால் அதே சங்க இலக்கியத்தின் புறநானூற்றில்தான், கைம்மை நோன்பின் கொடுமையைவிடக் கணவனின் ஈமத்தீயே மேல் என்று சான்றோரிடம் வாதாடுகிறாள் பூதப்பாண்டியன் தேவி. பேச நாவு இருந்தது. வாழ வழி இருக்கவில்லை. பட்டிமன்ற மேடைகளில் இந்தப் பாட்டையும் சொல்ல வேண்டும்.

உங்களுக்கு இன்னும் நெருக்கமானவர் மீனாட்சி அம்மாள். இலங்கைத் தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் மனைவி என்று மட்டும் அவரைச் சொல்லிக் கடப்பது எனக்குப் பொறுக்காது. தொழிலாளர் கூட்டங்களில், சனங்களுக்குப் பழகிய மெட்டுகளிலேயே உரிமைப் பாட்டுகளைப் பாடினார். அவை 1940இல் நூலாக வந்தன. பெண்களின் வாக்குரிமைக்காகவும் எழுதினார். இலங்கைப் பெண்களுக்கு வாக்கு 1931இல் வந்தது. தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் வர 1984 ஆயிற்று. தொழிற்சங்கத் தலைமையில் இன்றும் பெரும்பாலும் ஆண்கள்தான்.

ஆகவே உங்கள் லயத்துப் பாட்டிமாரிடம் தாலாட்டையும் ஒப்பாரியையும் கேளுங்கள். கங்காணியைத் திட்டிய பாட்டு ஏதும் அகப்பட்டால் பெயரோடு எழுதிவையுங்கள். அடுத்த மே தினக் கூட்டத்தில், மீனாட்சி அம்மாளின் பாட்டோடு அதையும் ஒரு பெண்ணே மேடையேறிப் பாடட்டும்.